மூளை இரத்தக்குழாய்ச் சிகிச்சையில் சிறப்புப் பயிற்சி: நீலகிரியிலிருந்து சில அனுபவங்கள்

கோத்தகிரி, மருத்துவர்:

கதிரியக்கவியல் மேற்படிப்புக்குப் பின், மண்டையோட்டைத் திறக்காமல் மூளையின் இரத்தக்குழாய்களுக்குள் சென்று செய்யும் சிகிச்சையில் இரண்டு ஆண்டு ஃபெலோஷிப் பயிற்சியைக் கோவையில் முடித்தேன். அங்கே என்னதான் கற்றுத் தருகிறார்கள் என்று இளைய மருத்துவர்கள் கேட்பதால் எழுதுகிறேன்.

முதல் சில மாதங்கள், இரத்தக்குழாய்க்குள் செலுத்தும் நுண்குழாயைத் தொடவே விடவில்லை. இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து கலந்த சலைன் ஓடும் குழாய்களில் ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாதபடி தட்டித் தட்டி வெளியேற்றுவதே என் வேலையாக இருந்தது. அந்தக் குமிழி மூளைக்குப் போனால், பக்கவாதத்தைத் தீர்க்க வந்த நாமே அதை உண்டாக்கியவர்கள் ஆகிவிடுவோம். அடுத்து ஆஞ்சியோகிராம்கள், அதாவது இரத்தக்குழாய்களைக் காட்டும் எக்ஸ்ரே படங்கள். மூளையின் அடியில் இருக்கும் வில்லிஸ் வளையம் என்னும் தமனி வளையம் எல்லோருக்கும் ஒரே மாதிரி அமைவதில்லை என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைப் பார்த்த பிறகுதான் அது கண்ணில் பதிந்தது. 0.014 அங்குலத் தடிமனுள்ள கம்பியை இரு விரல்களால் உருட்டி, தொடைத் தமனியிலிருந்து மூளை வரை கொண்டுசெல்லும்போது, தள்ளுவதைவிட நிறுத்துவதற்கே அதிகப் பழக்கம் தேவைப்படுகிறது.

பக்கவாதத்தில் மூளைத் தமனியை அடைத்திருக்கும் இரத்தக்கட்டியை ஸ்டென்ட் என்னும் கம்பி வலையால் பிடித்து வெளியே இழுக்கும் முறை, 2015-இல் வெளியான ஐந்து ஆய்வுகளுக்குப் பிறகே பெரிய தமனி அடைப்புகளுக்கு உறுதியான சிகிச்சையாக ஏற்கப்பட்டது. ஸ்கேன் பார்த்துத் தேர்ந்தெடுத்த சிலருக்கு, கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் வரையிலும் செய்யலாம் என்பது 2018-இல் வழிகாட்டுதல்களில் இடம்பெற்றது. நிதானமாக வரலாம் என்று இதற்குப் பொருள் கொள்பவர்களைக் கண்டு நான் மிகவும் வருந்துகிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஓர் அக்காவுக்கு, வேலையின் நடுவே வாய் கோணி, பேச்சு நின்று, வலக்கை விழுந்துவிட்டது. முதலில் பார்த்த இடத்தில் மயக்கம் என்று கருதி இரண்டு மணி நேரம் குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள். மலைப்பாதையில் இறங்கி, மேட்டுப்பாளையம் கடந்து எங்களிடம் வந்தபோது ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. அன்று என் ஆசிரியர் கம்பியை என்னிடம் கொடுத்து அருகில் நின்றார். இரண்டாம் முறை இழுத்தபோது அடைப்பு முழுவதும் வந்தது. மறுநாள் காலை அந்த அக்கா கையைத் தூக்கினார், பேசினார். ஆனால் இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளும் விரல்நுனி வேலை திரும்ப நான்கு மாதங்கள் ஆயின. வீணான அந்த இரண்டு மணி நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை. இந்தப் பயிற்சியில் இருப்பவர்களை மலையிலுள்ள மருத்துவமனைகளுக்கும் சில வாரங்கள் அனுப்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மஞ்சூர், நோயாளியின் மகன்:

என் அப்பாவை விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பேச்சின்றிக் கண்டோம். ஊட்டிக்குக் கொண்டுபோனபோது, பணியிலிருந்த மருத்துவர் கோவையில் இதே பயிற்சியில் இருந்த ஒரு பெண் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தார். எப்போது பார்த்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று கேட்டார். இரவு ஒன்பது மணி என்று நான் சொல்லிவிட்டேன். அம்மாதான் இடைமறித்து, நாலு மணிக்கு எழுந்து சுடுதண்ணி கேட்டார் என்றார். அந்த ஒரு பதிலால், கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டிய கட்டிகரைக்கும் ஊசிக்கு அப்பா தகுதி பெற்றார். ஸ்கேன் முடிந்து ஊசி ஏறியபோது ஏழே முக்கால். அதன்பிறகே ஆம்புலன்ஸில் கோவைக்குக் கிளம்பினோம்.

கோத்தகிரி, மருத்துவர்:

மஞ்சூர் அண்ணா, அந்தக் கேள்வியைத்தான் எங்கள் பகுதிச் செவிலியர்களிடம், நோயாளிச் சீட்டின் முதல் வரியாக, பெயருக்கும் முன்னால் எழுதச் சொல்லியிருக்கிறேன். உங்கள் அம்மாவின் பதிலையும் இனி அவர்களுக்கு எடுத்துச் சொல்கிறேன்.