ஹால்ஸ் மிட்டாய் ஊட்டியில் பிறந்ததா?

குன்னூரான்: நேற்று ஊட்டி ஏரிக்கரையில் ஒரு வழிகாட்டி, "ஹால்ஸ் மிட்டாய் இங்கேதான் பிறந்தது, நம் தைலத்தை வைத்து வெள்ளைக்காரன் செய்தான்" என்று சுற்றுலாப் பயணிகளிடம் கதை அளந்துகொண்டிருந்தார். கேட்டதும் உடம்பெல்லாம் எரிந்தது. இங்கிலாந்தில் லங்காஷயரின் வைட்ஃபீல்டு என்ற ஊரில் ஹால் சகோதரர்கள் இருவர் 1893இல் தொடங்கிய கம்பெனி அது. முதலில் சோப்பும் ஜாமும் செய்தவர்கள். மென்தாலும் யூகலிப்டஸும் சேர்ந்த இருமல் மிட்டாய் 1930களில்தான் வந்தது.

தைலக்குடிசை: சோப்புக் கம்பெனி எங்கே இருந்தால் என்ன? மிட்டாய்க்குள் இருப்பது எந்த மலையின் தைலம்? தமிழ்நாடு முழுக்க அதற்குப் பெயரே நீலகிரித் தைலம்தானே!

குன்னூரான்: பெயரைப் பார்த்துப் பிறப்பைச் சொல்வதா? சீனி என்கிறோம், கரும்பு சீனாவிலா முளைத்தது? நாம் கற்பூர மரம் என்று சொல்லும் யூகலிப்டஸ் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. நீலகிரிக்கு அதைக் கொண்டுவந்ததே 1843இல்தான்.

லவ்டேல்வாசி: தொண்டையில் ஜில்லென்று இறங்குவது மென்தால். அது புதினா இனத்திலிருந்து கிடைப்பது. அதைப் பற்றி யாரும் பேசவில்லையே?

தைலக்குடிசை: 1843 என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். மிட்டாய் வருவதற்குள் ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் இந்த மண்ணில் வேரூன்றிய மரம். என் அப்பா தைலம் காய்ச்சியவர். சருகைச் சாக்கில் கட்டிச் சுமந்துவந்து, அண்டாவில் திணித்து, மூடியின் விளிம்பைக் களிமண்ணால் பூசி அடைத்துத் தீ மூட்டுவார். ஆவி குழாய் வழியே தண்ணீர்த் தொட்டிக்குள் போய்க் குளிர்ந்து, மறுமுனையில் நீரும் தைலமுமாகச் சொட்டும். மேலே மிதக்கும் தைலத்தை வழித்தெடுப்பார். என் சட்டை வாசனையை வைத்தே பள்ளியில் என்னைத் தைலக்காரன் மகன் என்பார்கள். அந்த உழைப்பை ஆஸ்திரேலியாவுக்குத் தூக்கிக் கொடுக்க விடமாட்டேன்.

பைக்காராக்காரன்: அந்த மரத்துக்காகவா இவ்வளவு பெருமை? தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளியை விழுங்கியது அதுதான். எங்கள் வீட்டுக்கு மேலே இருந்த ஊற்று வற்றியதும் கற்பூரத் தோப்பு வந்த பிறகுதான்.

தைலக்குடிசை: தம்பி, போன மாதம் தேயிலையைப் பற்றியும் இதையே எழுதினீர்கள். வெள்ளைக்காரன் விறகுக்காக நட்டான். அதற்கு எங்கள் மேல் ஏன் பாய்கிறீர்கள்? உங்கள் வீட்டு அடுப்பும் அந்த விறகில்தானே எரிந்தது?

பைக்காராக்காரன்: எங்கள் வீட்டு அடுப்பைப் பற்றிப் பேச நீங்கள் யார்? மரியாதையாக எழுதுங்கள்.

குன்னூரான்: அடுப்பை விடுங்கள். ஆஸ்திரேலியாவில் ஜோசப் பொசிஸ்டோ 1852லேயே தைலம் காய்ச்சுவதைத் தொழிலாக்கிவிட்டார். நம் தைலம் ஒரு பீப்பாயாவது வைட்ஃபீல்டுக்குப் போனதற்குச் சான்று உண்டா?

தைலக்குடிசை: போகவில்லை என்பதற்கு உங்களிடம் உண்டா?

குன்னூரான்: சொன்னவர்தான் காட்ட வேண்டும். மரம் ஆஸ்திரேலியா. இங்கே வந்தது 1843. எத்தனை முறை சொல்வது?

லவ்டேல்வாசி: மென்தாலைப் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

தைலக்குடிசை: மென்தால் கிடக்கட்டும் அம்மா. குன்னூரார் ஐயா, மரம் எங்கிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கட்டும், தைலம் நீலகிரி. அடுத்த முறை சளி பிடித்தால் கடைக்குப் போய் ஆஸ்திரேலியத் தைலம் கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள்.