இழை: ரிஸ்க் ஃபேக்டருக்குத் தமிழில் என்ன எழுத? (வெள்ளிக்குள் வேண்டும்)

பொருநைக்கரை எழுதியது (திங்கள்):

அன்புள்ள குழுவினருக்கு,

கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பொருள், கர்ப்பகால ரத்தக்கொதிப்பு. 20 வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டு, சிறுநீரில் புரதமும் போனால் ப்ரீ-எக்லாம்ப்சியா என்று தொடங்குகிறது. யாருக்கு வரக்கூடும், எப்படித் தடுப்பது, வந்தால் என்ன மருந்து என்று ஆய்வு முடிவுகளோடு போகிறது. நோயின் பெயரை அப்படியே தமிழ் எழுத்தில் விடுவதென்று மருத்துவர்களிடம் பேசி முடித்தாயிற்று. தயவுசெய்து அதைக் கிளற வேண்டாம்.

என்னை மறிப்பது ரிஸ்க் ஃபேக்டர், அதாவது ஒருவருக்கு நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்று காட்டும் நிலை. பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ‘ஆபத்துக் காரணி’, ‘இடர்க்காரணி’ இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. கை கொடுங்கள்.

வேர்நாடி எழுதியது:

அம்மா, காரணம் வடசொல். அதன் வாலைப் பிடித்து வந்தது காரணி. ‘ஆபத்து’ம் வடசொல்லே. இரண்டு வடசொல்லை ஒட்டிவிட்டுத் தமிழாக்கம் என்கிறோம்.

ஃபேக்டர் என்பது லத்தீனில் செய்பவன். செய்பவனுக்குத் தமிழில் வினைமுதல் என்று பெயர். ‘நோய்நாடி நோய்முதல் நாடி’ என்று வள்ளுவர் மருத்துவத்துக்கென்றே ஒரு சொல்லைச் செய்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நோய்முதல். எடுத்துப் போட வேண்டியதுதானே?

பேறுகால வார்டு எழுதியது:

ஐயா, நோய்முதல் அழகான சொல். ஆனால் இந்த இடத்தில் போட்டால் செவிலியர்கள் தப்பாகப் படிப்பார்கள்.

கையேட்டில் இருக்கும் பட்டியலைப் பாருங்கள். முந்தைய கர்ப்பத்தில் இதே நோய், ஏற்கெனவே ரத்தக்கொதிப்பு, சிறுநீரக நோய், சர்க்கரை, லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய்). இவற்றில் ஒன்று இருந்தாலே அதிகக் கவனம். அடுத்த வரிசையில் முதல் கர்ப்பம், 40 வயதுக்கு மேல், இரட்டைக் குழந்தை, அதிக உடல் பருமன், கடைசிக் கர்ப்பத்துக்குப் பிறகு 10 ஆண்டுக்கு மேல் இடைவெளி, அம்மாவுக்கோ அக்காவுக்கோ வந்திருப்பது. இவற்றில் இரண்டு இருந்தால் கவனம். இதில் எது ‘முதல்’? முதல் கர்ப்பம் என்பதை நோய்முதல் என்று அச்சடித்தால் பாதிக் கர்ப்பிணிகள் நோயாளி ஆகிவிடுவார்கள்.

இவை இருந்தும் பெரும்பாலானோருக்கு நோய் வருவதில்லை. 2017இல் வெளியான ஆஸ்ப்ரே ஆய்வில் (ஆஸ்பிரின் இந்த நோயைத் தடுக்குமா என்று பார்த்தது), வரக்கூடும் என்று கணித்துப் பிரித்த பெண்களிலேயே, மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 37 வாரத்துக்குள் நோய் முற்றிப் பிரசவமானது 100க்கு 4.3 பேருக்குத்தான். மீதிப் பேருக்கு அந்த ‘முதல்’ என்ன செய்தது?

இன்னொன்று. புகைபிடிக்கும் பெண்களுக்கு இந்த நோய் குறைவாக வருவதாகப் பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறது. அதே புகை குழந்தையின் எடையைக் குறைக்கிறது, குறைமாதப் பிரசவத்தைக் கூட்டுகிறது. எதிர்ப்பக்கத்துக்கு ‘காப்புக் காரணி’ என்று யாராவது பெயர் வைத்தால், சிகரெட் அந்தப் பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

போன மாதம் வார்டில் ஒரு மாமியார் மருமகளின் அட்டையைப் பிடித்துக்கொண்டு, “ஆபத்துக் காரணி முதல் கர்ப்பம்னு எழுதியிருக்கே, அப்ப இவ ஒத்தப் பிள்ளைகூடப் பெக்கக் கூடாதா?” என்று கேட்டார். மருமகள் தலை குனிந்து நின்றாள். சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது அவளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நன்னூலடிமை எழுதியது (செவ்வாய்):

டாக்டரம்மா சொன்னதை இலக்கணத்தில் ஒரே வரியில் சொல்லிவிடலாம். மூன்றாம் வேற்றுமைக்கு நன்னூலார் தரும் பொருள்கள்: ‘கருவி கருத்தா உடனிகழ்வு அதன்பொருள்’. கருவியும் கருத்தாவும் ‘ஆல்’. மண்ணால் ஆன குடம், தச்சனால் ஆன கட்டில். உடனிகழ்ச்சி ‘ஒடு’. தந்தையொடு மகன் வந்தான். தந்தையும் வந்தார், மகனும் வந்தான். தந்தை இழுத்து வந்தார் என்று எந்த உரைகாரரும் எழுதவில்லை.

மேலே உள்ள பட்டியல் முழுவதும் ‘ஒடு’. இரட்டைக் கர்ப்பத்தொடு நோய் வருகிறது, 40 வயதொடு நோய் வருகிறது. ‘காரணி’ என்ற மாத்திரத்தில் ‘ஒடு’வைப் பிடுங்கிவிட்டு ‘ஆல்’ வைத்துவிடுகிறோம். அந்த மருமகள் தலை குனிந்தது இந்த உருபு மயக்கத்தால்தான் (இங்கே ‘ஆல்’ சரி).

என் பரிந்துரை: உடனிகழ்வுக்கூறு.

வேர்நாடி எழுதியது:

நன்னூலாருக்கு முன்னால் ஒருவர் இருந்தாரே, மறந்துவிட்டீர்களா? ‘மூன்றாகுவதே, ஒடுவெனப் பெயரிய வேற்றுமைக் கிளவி, வினைமுதல் கருவி அனைமுதற்று அதுவே.’ தொல்காப்பியர் உருபாகச் சொன்னதே ‘ஒடு’தான். வினைமுதலும் கருவியும் அதன் பொருளாகவே நிற்கின்றன. உங்கள் ஆல்–ஒடு வேலி நன்னூல் எழுதிய பவணந்தி போட்டது. அதை நம்பி ஒரு நோய்க்குக் கொட்டகை போட முடியாது.

நன்னூலடிமை எழுதியது:

வேலி பின்னால் போட்டது என்றால் மாடு பின்னால் வந்தது என்று பொருள். வழக்கு மாறியது, பவணந்தியார் எழுதி வைத்தார். இன்று ‘கத்தியொடு வெட்டினான்’ என்று யார் சொல்கிறார்கள்?

கரவெட்டியான் எழுதியது:

வணக்கம். ஃபேக்டரைப் பிடித்து இழுக்கிற கையோடு ரிஸ்க்கை எல்லாரும் விட்டுவிட்டீர்கள். உங்களிடம் ‘பேரிடர்’ என்றால் வெள்ளமும் புயலும். அந்த இடர் வந்து முடிந்த ஒன்று. ரிஸ்க் இன்னும் வராதது. இலங்கையில் மத்திய வங்கி முதலாக எல்லா இடமும் ரிஸ்க்குக்கு ‘இடர்நேர்வு’ என்று பாவிக்கிறோம். இடர் நேரக்கூடிய நிலை. நேர்வு என்ற சொல்லிலேயே அந்த ‘கூடும்’ இருக்கிறது. ஆனபடியால் இடர்நேர்வுக் காரணி.

இன்னொரு விஷயம். ‘ரத்த அழுத்தம்’ என்று எழுதுகிறீர்கள், நாங்கள் ‘குருதி அமுக்கம்’. இரண்டு கரையிலும் ஓடக்கூடிய கையேடாக இருந்தால் அதையும் கதைக்க வேண்டும்.

தூய்மைவாதிகளுக்கு ஒன்று சொல்கிறேன். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தவர். மகப்பேற்று நூல் ஒன்றை 1857இலேயே தமிழில் கொண்டுவந்தவர். அவரே 1875இல் இரசாயன நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்றுதான் தலைப்பு வைத்தார். மனிதர் வெட்கப்படவில்லை.

பொருநைக்கரை எழுதியது:

கையேடு தமிழ்நாட்டுக்கு மட்டும், ஐயா. குருதி அமுக்கம் இப்போதைக்கு வேண்டாம். இடர்நேர்வு பிடித்திருக்கிறது. ஆனால் ‘உயர் இடர்நேர்வுக் கர்ப்பம்’ என்று எழுதிப் பார்த்தேன். எங்கள் செவிலியர்கள் ‘ஹை ரிஸ்க் மதர்’ என்று ஒரே மூச்சில் சொல்கிறவர்கள். இதை வாசித்து முடிப்பதற்குள் அடுத்த கர்ப்பிணி வந்துவிடுவாள்.

மூன்றாம் மணி எழுதியது:

நான் கணக்கு வாத்தியார், இலக்கணச் சண்டைக்குள் வரவில்லை. 12-இன் காரணிகள் என்ன என்றால் பிள்ளைகள் 1, 2, 3, 4, 6, 12 என்பார்கள். 3 காரணமாகி 12 பிறந்தது என்று யாரும் நினைப்பதில்லை. காரணி என்ற சொல் பள்ளிக்கூடத்தில் காரணத்தை எப்போதோ கழற்றிப் போட்டுவிட்டது. கையேடு படிக்கப்போகிற செவிலியர் எல்லோரும் இந்தக் கணக்கைப் போட்டவர்கள். இடர்க்காரணியையே வையுங்கள், புழங்கப் புழங்கச் சரியாகிவிடும்.

‘அபாயம்’ என்று யாராவது சொல்வதற்கு முன்னால்: ரயிலில் சங்கிலியும், ‘சந்தை அபாயங்களுக்கு உட்பட்டவை’ என்று மூச்சுவிடாமல் படிக்கும் விளம்பரமும் அதைக் குத்தகைக்கு எடுத்துவிட்டன.

வேர்நாடி எழுதியது (புதன்):

இடர் பற்றிக் கரவெட்டியார் சொன்னது மெய். ‘இடரினும் தளரினும் எனதுறுநோய் தொடரினும்’ என்று சம்பந்தர் பாடும்போது இடர் வந்து மேலேயே உட்கார்ந்துவிட்டது. ‘இடராழி நீங்குகவே’ என்று பொய்கையார் கேட்பதும் ஏற்கெனவே மூழ்கியவர் கேட்பது.

வராததற்கு ஒரு சொல் வேண்டும் என்றால் ‘ஊறு’. ‘ஊறொரால் உற்றபின் ஒல்காமை’ என்ற குறளைப் பாருங்கள். ஊறு வருமுன் விலக்குவது, உற்றபின் தளராதிருப்பது. முன்னும் பின்னும் என்று வள்ளுவரே பிரித்துவிட்டார். தடுப்பு முதல் பாதி, சிகிச்சை இரண்டாம் பாதி. ஊற்றுக்கூறு என்று வைக்கலாம். ஏது வேண்டுமென்றால் மணிமேகலையில் ‘ஏதுநிகழ்ச்சி’ இருக்கிறது, ஆனால் அதற்குள் நான் போகவில்லை.

நன்னூலடிமை எழுதியது:

ஊற்றுக்கூறு என்றால் கிணறு வெட்டுகிறவர்கள்தான் வருவார்கள்.

பேறுகால வார்டு எழுதியது:

ஏதுநிகழ்ச்சிக்குள் போகாததற்கு நன்றி. பழைய வினை பழுத்து வரும் கதை அது. வார்டு வாசலில் ஏற்கெனவே அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நடைமுறைக்கு வருகிறேன். கையேட்டில் இந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு வேலைதான். செவிலியர் பட்டியலைப் பார்க்க வேண்டும், டிக் போட வேண்டும், ஒன்றோ இரண்டோ இருந்தால் 12 வாரத்திலேயே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். குறைந்த அளவு ஆஸ்பிரின் அப்போது தொடங்கினால்தான் பலன். ஆஸ்ப்ரேயில் 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி 36 வாரம் வரை இரவில் 150 மில்லிகிராம் கொடுத்தார்கள். நான் சொன்ன அந்த 4.3, மருந்து சாப்பிட்டவர்களில் 1.6 ஆனது. ஏழாம் மாதம் கால் வீங்கி வருகிறவளுக்கு இதைக் கொடுத்துப் பிரயோசனமில்லை. அப்போது ரத்த அழுத்தத்தை இறக்க மாத்திரை, நோய் முற்றினால் மெக்னீசியம் சல்பேட். 2002இல் வந்த மேக்பை ஆய்வு, 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள். அந்த ஊசி வலிப்பைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தது. ஆனால் ஒவ்வொரு ஊசிக்கு முன்னாலும் முழங்காலில் சுத்தியால் தட்டிப் பார்க்க வேண்டும். கால் துள்ளவில்லை என்றால் ஊசியை நிறுத்த வேண்டும். மூச்சையும் சிறுநீர் அளவையும் எண்ண வேண்டும். அந்த நிலைக்கு விடாமல் 12 வாரத்தில் பிடிக்கத்தான் பட்டியல்.

அதனால் தலைப்பை ‘யாரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்?’ என்று வைத்துவிடுங்கள். எந்தச் சொல்லும் வேண்டாம்.

கடலூர்க்காரன் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்க. சிறுநீரில் போகும் புரதத்தை எங்கள் பக்கம் ‘உப்பு’ என்கிறார்கள். “யூரின்ல உப்பு இருக்குன்னாங்க.” கையேட்டில் புரதம் என்று எழுதினால் புரியுமா?

பேறுகால வார்டு எழுதியது:

உப்பு என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் குழம்பில் உப்பே போடாமல் சாப்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். புரதம் என்றே எழுதி, ‘மக்கள் உப்பு என்பார்கள், சமையல் உப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை’ என்று ஒரு வரி சேர்க்கலாம்.

வேர்நாடி எழுதியது:

உப்பு என்ற சொல் உவர்ப்போடு சேர்ந்தது. உவர், உவரி, ஓரி என்று

மட்டுறுத்துநர்:

உப்பு தனி இழைக்கு. இங்கே ரிஸ்க் ஃபேக்டர் மட்டும்.

பொருநைக்கரை எழுதியது (வியாழன்):

எல்லோருக்கும் நன்றி. தலைப்புகளில் டாக்டர் சொன்னபடி ‘யாரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்?’ என்று போட்டுவிட்டேன். ஆனால் ஆய்வு முடிவுகளைச் சொல்லும் பத்திகளில் ஒரு பெயர்ச்சொல் இல்லாமல் முடியவில்லை. ‘மூன்று ____ உள்ள பெண்களில்’ என்ற கோட்டில் ஒரு கேள்வியை எப்படி வைப்பது?

இங்கும் தனிமடலிலும் வந்ததைக் கூட்டிப் பார்த்தால் அதிகம் பேர் இடர்க்காரணி என்கிறார்கள், உற்சாகமாக இல்லாவிட்டாலும். இடர்க்கூறு என்று இருவர் சொன்னார்கள். பிணக்கூறாய்வு எழுதிப் பழகிய கைக்கு அது வரமாட்டேன் என்கிறது. ஆகவே இடர்க்காரணி. முதல் முறை வரும் இடத்தில், ‘இது இருப்பவருக்கு நோய் வந்தே தீரும் என்றோ, இதனால்தான் வந்தது என்றோ பொருளில்லை’ என்று பெட்டிச் செய்தி சேர்த்திருக்கிறேன்.

நன்னூலடிமை எழுதியது:

பெயர் வைத்த அன்றே மறுப்புரையும் சேர்த்து அச்சிட வேண்டியிருக்கிறது என்றால் அந்தப் பெயரின் யோக்கியதை தெரிகிறதே அம்மா. பெட்டியை எத்தனை பேர் படிப்பார்கள்? அட்டையில் பெட்டிக்கு இடமிருக்காது. என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

பேறுகால வார்டு எழுதியது:

ஐயா சொல்வது எனக்கும் உறுத்துகிறது. தாய்மார் கையில் கொடுக்கும் அட்டையில் மட்டும் காரணி வேண்டாம், ‘கவனிக்க வேண்டியவை’ என்று போடச் சொல்லிக் கேட்கிறேன். முடிவு என் கையில் இல்லை.

கரவெட்டியான் எழுதியது:

நாங்கள் இடர்நேர்வோடு இருக்கிறோம். பெட்டிச் செய்தி நல்லது, எங்கள் மிட்வைஃப்மாருக்கும் அனுப்பப் போகிறேன். உங்கள் அனுமதியுடன் ரத்த அழுத்தத்தைக் குருதி அமுக்கம் என்று மாற்றி.

வேர்நாடி எழுதியது (சனி):

அச்சுக்குப் போய்விட்டது என்று தெரியும். இருந்தாலும் இடர் என்பது இடறு, இடுக்கு, இடுக்கண், இடும்பை என்ற கிளையில் வருவது. இடுதல் என்ற வேரில் ‘ஒடுங்குதல்’ என்ற பொருள் எப்படி நுழைந்தது என்பது பற்றி மூன்று பகுதியாக எழுதி வைத்திருக்கிறேன். முதல் பகுதி கீழே.

மட்டுறுத்துநர்:

புதிய இழை தொடங்குங்கள், ஐயா.