கவுன்ட்டரில் அடக்கும் கோபம் வீட்டில் வெடிக்கிறது. மூச்சுப் பயிற்சி செய்தால் தலை சுற்றுகிறது

கேள்வி: கேஷ்_கவுன்ட்டர்
வங்கியில் கேஷ் கவுன்ட்டர் வேலை. யார் கத்தினாலும் சிரித்த முகமாக இருக்கணும். சாயங்காலம் கணக்கு டேலி ஆகிறவரை பதற்றம். மொத்த எரிச்சலும் வீட்டில் பிள்ளைகள் மேல் இறங்குகிறது. யூடியூப் பார்த்து மூச்சுப் பயிற்சி செய்தால் தலை சுற்றி, விரல் நுனி மரத்துப்போகிறது. எங்கே தப்பு?

பதில்: வேப்பமரம்
தேவைக்கு மேல் காற்றை இழுக்கிறீர்கள், அவ்வளவுதான். வேகமாகவும் ஆழமாகவும் இழுத்து விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், மூளை ரத்தக் குழாய்கள் சுருங்கும். தலைசுற்றலும் மரமரப்பும் அதனால்தான்.

நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மூக்கு வழியாக 4 நொடி இழுத்து 6 நொடி விடுங்கள். நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். நெஞ்சு நிறைய வேண்டாம், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் போதும். தோள் தூக்கினால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். 6 நொடி முடியாவிட்டால் 3 இழுத்து 4 விடுங்கள். தினமும் 5 நிமிடம், மனசு அமைதியாக இருக்கும் நேரத்தில் பழகணும். ஆள் எதிரே நின்று கத்தும்போது முதல்முறையாக முயன்றால் பலிக்காது. மூச்சை அடக்கி வைக்கும் வகைகளை ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் கேட்காமல் செய்யக் கூடாது.

பதில்: தெளிநீர்
மூச்சு சரிதான், ஆனால் உங்கள் சிக்கல் அதற்கு முந்தியே ஆரம்பிக்கிறது. உள்ளே கொதிக்க, முகத்தில் மட்டும் சிரிப்பை ஒட்டவைத்தால் கோபம் குறையாது. ஜேம்ஸ் கிராஸ் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் இதைக் காட்டின: வெளிக்காட்டாமல் அடக்குகிறவர்களின் உடல் பதற்றம் தணிவதில்லை, சில அளவீடுகளில் கூடவே செய்கிறது. நடப்பதை வேறு விதமாகப் பார்க்கப் பழகியவர்களுக்குக் கோபமே குறைவாக வருகிறது. "இவர் என்னைத் திட்டுகிறார்" என்பதை "ஓய்வூதியம் வரவில்லை என்று பயந்துபோயிருக்கிறார்" என்று மாற்றிப் பாருங்கள். அநியாயமாகப் பேசுகிறவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களிடம், "உங்கள் வேலையை முடித்துத் தருகிறேன், இப்படிப் பேசினால் மேலாளரைத்தான் கூப்பிடணும்" என்று குரல் உயர்த்தாமல் ஒரே முறை சொல்லுங்கள். வாக்கியத்தை முன்கூட்டியே மனப்பாடம் செய்யணும். அந்த நேரத்தில் யோசித்தால் வராது.

இன்னொன்று, வெறுமனே டென்ஷன் என்று விடாமல் அது என்ன என்று பிரியுங்கள். அவமானமா, பணம் குறையுமோ என்ற பயமா, பசியா? பணப் பயம் என்றால் மதியம் ஒரு தரம் இடைக்கணக்கு எண்ணிவைத்தால் சாயங்காலச் சுமை பாதியாகும். பசிக்கு மூச்சுப் பயிற்சி செய்து பயனில்லை!

பதில்: மாடிப்படி
வீட்டுக்குள் நுழையும் முன் 10 நிமிடம் இடைவெளி கட்டாயம். அதில் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த தசைத் தளர்வு முறையைச் சுருக்கமாகச் செய்யலாம். கை முஷ்டியை 5 நொடி இறுக்கி, சட்டென விட்டு, 20 நொடி அந்தத் தளர்வைக் கவனியுங்கள். பிறகு தோள், தாடை, வயிறு, கால். வலிக்கிற அளவுக்கு இறுக்கினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். முக்கால் பலம் போதும். பலரும் தப்புவிடுவது இங்கேதான்: இறுக்குவதில் காட்டும் அக்கறையை விடுவதில் காட்ட மாட்டார்கள்.

தலையணையைக் குத்துவது, அலுவலக வாட்ஸ்அப் குழுவில் கொட்டித்தீர்ப்பது எல்லாம் உதவாது. 2002இல் பிராட் புஷ்மேன் என்ற உளவியலாளர் செய்த ஆய்வில், கோபமூட்டியவரை நினைத்தபடி குத்துச்சண்டைப் பையைக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் கூடியது. மாலை 5 மணி காபியையும் விடுங்கள். காஃபீனில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரமாகும். தூக்கம் கெட்டால் மறுநாள் பொறுமை இருக்காது.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். 14416, அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

கேஷ்_கவுன்ட்டர்
நன்றிங்க. அந்த 10 நிமிடம் எனக்குப் பஸ்ஸில்தான் கிடைக்கும், அதுவும் நின்றுகொண்டு. செய்யலாமா?

மாடிப்படி
கம்பியைப் பிடித்த கையையும் காலையும் இறுக்கித் தளர்த்த வேண்டாம், தோளும் தாடையும் மட்டும் செய்யுங்கள். கண்ணை மூட வேண்டாம். வண்டி ஓட்டும் நாளில் நிறுத்தி இறங்கிய பிறகு.