டிரான்ஸ்போர்ட்டர் வேனுக்குள் இரண்டு எண்டியூரோ பைக்: எப்படிக் கட்டுவது?

கேள்வி: ஃபோக்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டர் டி5, குட்டை வீல்பேஸ் (முன்பின் சக்கர இடைவெளி குறைஞ்ச மாடல்). கேடிஎம் 250 இஎக்ஸ்சி எண்டியூரோ (கரடுமுரடான பாதையில் ஓட்டுற) பைக் இரண்டு ஏத்தணும். ஹேண்டில்பார் இடிக்குமா?

பதில் 1: தாராளமா நிற்கும், உள்நீளம் 2.5 மீட்டர் இருக்கு. ஒண்ணை முன்பார்த்து, இன்னொண்ணைப் பின்பார்த்து நிறுத்துங்க, ஹேண்டில்பார் மோதாது. கட்டுற பட்டையை ஹேண்டில்பார் க்ரிப்பில் மாட்டவே மாட்டாதீங்க, த்ராட்டில் குழாய் நசுங்கிடும். ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைத் தாங்குற இரட்டைக் குழாய்) கீழ் கிளாம்ப்பில் (குழாய்களைப் பிடிச்சிருக்கிற பிடிப்பு) துணிவளையம் சுற்றி, 25 மிமீ பட்டையால இருபக்கமும் பைக்கின் முன்னோக்கிக் கீழே இழுங்க.

பதில் 2: முன்டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல மரக்கட்டை அவசியம். இல்லேன்னா பள்ளத்துல ஃபோர்க் அமுங்கும், பட்டை தளரும், கொக்கி கழன்டுடும். பின்சக்கரத்துக்கும் ஒரு பட்டை போடுங்க. வளைவுல வால் நகராது. சைடு ஸ்டாண்டை மடக்கிடுங்க.

பதில் 3: பெட்ரோல் வாடைக்கு டேங்க் மூடியின் காற்றுக்குழாயைக் கிளிப் போட்டு அடைங்க. இறக்கினதும் எடுத்துடணும், மறந்தா டேங்குல வெற்றிடம் உண்டாகி இன்ஜின் நின்னுடும்.