ஹார்மோனிக் டிஸ்டார்ஷன்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

மடல் 1: கையேடு எழுதும் ஆசிரியை

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பாலிடெக்னிக் மின்னணுவியல் மாணவர்களுக்காகத் தமிழில் எழுதிவரும் செய்முறைக் கையேடு வரும் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். பத்துச் சோதனைகளில் ஒன்பது முடிந்துவிட்டன. ஹெட்போனின் ‘டோட்டல் ஹார்மோனிக் டிஸ்டார்ஷன்’ (அனுப்பிய அதிர்வெண்ணின் முழுமடங்குகளில் ஹெட்போன் தானாகச் சேர்க்கும் ஒலிகளின் மொத்த அளவு) அளக்கும் பத்தாவது சோதனையில், தலைப்புக்கே சொல் கிடைக்காமல் நிற்கிறேன்.

சோதனை எளியது. ஹெட்போனைச் செயற்கைக் காதின்மேல் பொருத்தி, 60 ஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்றை மட்டும் அனுப்புகிறோம். (50 ஹெர்ட்ஸை வேண்டுமென்றே தவிர்த்தேன், மின்வழங்கலிலிருந்து வரும் 50, 100, 150 ஹெர்ட்ஸ் இரைச்சல் அளவீட்டில் கலந்து மாணவரை ஏமாற்றிவிடும்.) உள்ளே இருக்கும் ஒலிவாங்கி பிடித்த ஒலியைக் கணினியில் பிரித்துப் பார்த்தால், 60இல் ஓர் உயரமான கோடும், 120, 180, 240இல் சிறு கோடுகளும் நிற்கின்றன. அந்தச் சிறு கோடுகளை நாம் அனுப்பவில்லை. காந்த இடைவெளியில் கம்பிச்சுருள் முன்னும் பின்னும் நகரும்போது அதன்மேல் படும் விசை எல்லா இடத்திலும் ஒரே அளவாக இல்லாததாலும், சவ்வைத் தாங்கும் விளிம்பு போகப்போக விறைப்பதாலும் அவை ஹெட்போனுக்குள்ளேயே பிறக்கின்றன. 120இன் வீச்சு அடிப்படை அலையில் 3 விழுக்காடு, 180இன் வீச்சு 4 விழுக்காடு என்றால், இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுக்க மொத்தம் 5 விழுக்காடு என்று வருகிறது.

சென்ற மாதம் வகுப்பில் இதைச் செய்து காட்டியபோது, வயலின் கற்கும் மாணவி ஒருத்தி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒலியைக் கூட்டக் கூட்ட, “மேல் ஸட்ஜமும் அதற்கு மேலே பஞ்சமமும் கேட்கிறதே மேடம், இரண்டு ஜெனரேட்டர் ஓடுகிறதா?” என்று திரையைப் பார்க்காமலே கேட்டாள். 120 மேல் ஸட்ஜம். 180 அதன் பஞ்சமம். அவள் கேட்டதைச் சொல்லும் சொல்லைத்தான் தேடுகிறேன். ‘ஒத்திசைச் சிதைவு’ என்று ஓரிடத்தில் பார்த்தேன். சிதைவு என்றதும் மாணவர்கள் உடைந்த ஹெட்போனை நினைக்கிறார்கள். கதிரியக்கச் சிதைவு வேறு முன்னரே இருக்கிறது.

மடல் 2: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

அம்மா, உங்கள் மாணவி கேட்ட கேள்வியிலேயே விடை இருக்கிறது. அவள் கேட்டது கெட்டுப்போன ஒலியன்று, புதிதாகத் தோன்றிய ஒலி. நன்னூலார் புணர்ச்சியில் நேரும் விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்றாக வகுத்தார். மரம் என்பதும் வேர் என்பதும் சேர்ந்து மரவேர் ஆகும்போது மகரம் கெடுகிறது. பல்லும் பொடியும் சேர்ந்து பற்பொடி ஆகும்போது லகரம் றகரமாகத் திரிகிறது. பூவும் கொடியும் சேர்ந்து பூங்கொடி ஆகும்போது, இரு சொல்லிலும் இல்லாத ஙகரம் தோன்றுகிறது.

ஹெட்போனில் தாழ்ந்த ஒலி குறைந்து கேட்பது கெடுதல். இடையொலி அளவு மாறிக் கேட்பது திரிதல். அனுப்பாத 120 கேட்பது தோன்றல். மூன்றுக்கும் ‘டிஸ்டார்ஷன்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஆங்கிலம் அடைமொழிகளால் சமாளிக்கிறது. நமக்கு அந்த நெருக்கடி இல்லை.

இன்னும் நுட்பமாகப் பாருங்கள். மா என்பதோடு காய் சேர்ந்தால் மாங்காய், பழம் சேர்ந்தால் மாம்பழம். ககரத்தின் முன் ஙகரமும் பகரத்தின் முன் மகரமும் என, வரும் எழுத்துக்கு இனமான மெல்லெழுத்தே தோன்றும். வேறு எதுவும் தோன்றாது. 60ஐ அனுப்பினால் 120, 180. 100ஐ அனுப்பினால் 200, 300 என்று, வரும் ஒலிக்கு இனமானதே தோன்றுகிறது. ஆகவே ‘இனச்சுரத் தோன்றல்’ என்று வையுங்கள்.

மடல் 3: ஒலிப்பொறியாளர், சென்னை

ஐயாவின் விளக்கத்தைப் படித்துவிட்டு என் உதவியாளருக்கும் படித்துக் காட்டினேன். இருபது ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கும் நானே இவ்வளவு தெளிவாக எண்ணிப் பார்த்ததில்லை. ஆனால் ‘இனச்சுரத் தோன்றல்’ என்று பதிவுக்கூடத்தில் சொன்னால் ஒருவருக்கும் விளங்காது. தோன்றல் என்றால் தலைவன் என்ற பொருளும் உண்டு. நாங்கள் டிஸ்டார்ஷன் என்போம். தமிழில் சொல்ல நேர்ந்தால், “குரல் பிசிறுது” என்போம். பிசிறு என்பது நெசவிலும் மரவேலையிலும் பாட்டிலும் வழங்குகிற உயிருள்ள சொல். ஹார்மோனிக்குக்குச் சீரிசை என்ற சொல் இருக்கிறதே, ‘சீரிசைப் பிசிறு’ என்றால் என்ன?

இதைச் சொல்லிவிட்டு நானே ஒரு தடையையும் எழுப்ப வேண்டியிருக்கிறது. எல்லாத் தோன்றலும் பிசிறாகக் கேட்பதில்லை. உரத்த சுரம் ஒன்று தனக்கு மேலே அருகிலிருக்கும் மெல்லிய சுரங்களை மறைத்துவிடும் என்பதால், இரண்டாம் மடங்கு பெரும்பாலும் அந்த மறைப்புக்குள் அடங்கிவிடுகிறது. ஏழாம் எட்டாம் மடங்குகள் மிகச் சிறிதாக இருந்தாலும் வெளியே நீட்டிக்கொண்டு உறுத்துகின்றன. பிபிசியின் பொறியாளர் ஷார்ட்டர், ஒவ்வொரு மடங்கையும் அதன் எண்ணின் வர்க்கத்தில் நான்கிலொரு பங்கால் பெருக்கி எடைபோட வேண்டும் என்று 1950லேயே முன்மொழிந்தார். அப்படிப் பார்த்தால் இரண்டாவதின் எடை 1, எட்டாவதின் எடை 16. ஆகவே 5 விழுக்காடு என்ற ஒற்றை எண், காதுக்கு என்ன நேர்கிறது என்பதைச் சொல்வதே இல்லை. தாழ்ந்த ஒலியில் 5 விழுக்காடு பாட்டுக்குள் கரைந்துவிடலாம். 1,000 ஹெர்ட்ஸில் 1 விழுக்காடு, அதுவும் உயர் மடங்குகளாகவே இருந்தால், பாடகரின் குரலில் கீறலாகத் தெரியும். கையேட்டில் இந்தப் பத்தி வர வேண்டும் என்பது என் வேண்டுகோள். சொல் எதுவானாலும் சரி.

மடல் 4: இயற்பியல் ஆசிரியர், யாழ்ப்பாணம்

வணக்கம். எங்கள் பாடநூல்களில் அதிர்வெண் என்பதே மீடிறன்தான். ஆகையால் விகாரம், திரிபு ஆகிய இரண்டையும் பற்றி ஓர் எச்சரிக்கை. இழுவிசையால் கம்பி தன் நீளத்தில் எத்தனை பங்கு நீள்கிறது என்பதை (ஸ்ட்ரெயின்) நாங்கள் விகாரம் என்கிறோம். தமிழ்நாட்டுப் பாடநூல் அதையே திரிபு என்கிறது. எதை எடுத்தாலும் ஒரு கரையில் முட்டும்.

ஆனால் தமிழாசிரியர் ஐயா நன்னூலோடு நின்றுவிட்டார். தொல்காப்பியர் மெய்பிறிதாதல் (ஓரெழுத்து வேறோர் எழுத்தாதல்), மிகுதல், குன்றல் ஆகிய மூன்றையும் ‘திரியுமாறு’ என்றே சொல்கிறார். அவர் கணக்கில் திரிபு என்பது மூன்றுக்கும் பொதுப்பெயர். புதிதாக ஒன்று மிகுவதும் திரிபின் ஒரு வகைதான். எனவே ‘சீரிசைத் திரிபு’ என்பதில் இலக்கணப் பிழை இல்லை. ‘சீரிசை’ என்ற அடையே எந்த வகைத் திரிபு என்பதைச் சொல்லிவிடுகிறது.

சீரிசைக்கு மாற்றாகக் ‘கிளைச்சுரம்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அதை நான் ஏற்கமாட்டேன். பழந்தமிழ் இசையில் இணை, கிளை, பகை, நட்பு என்ற உறவுகளில், குரலுக்கு இளி கிளை, அதாவது ஸட்ஜத்துக்குப் பஞ்சமம். மூன்றாம் மடங்கைக் கிளை எனலாம். இரண்டாம் மடங்கு அதே குரல்தான், மேல் நிலையில் நிற்கிறது. அதைக் கிளை என்றால் சிலப்பதிகார உரை படித்தவர் குழம்புவார்.

மடல் 5: தமிழாசிரியர், மீண்டும்

தொல்காப்பியத்தை நினைவூட்டியமைக்கு நன்றி. ஆனால் அவரே ‘மிகுதல்’ என்று தனிப்பெயர் தந்திருக்க, பொதுப்பெயரை ஏன் எடுக்க வேண்டும்? ‘சீரிசை மிகை’ என்று வையுங்கள். தம்புராவில் தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவா நூலை நகர்த்தி நகர்த்தி வைத்து, மீட்டாத அந்தர காந்தாரத்தை வரவழைக்கிறோமே, அதுவும் இனமாய் எழும் சுரம்தான், ஐந்தாம் மடங்கு. மிருதங்கத்தின் கரணை (தோலின் நடுவிலுள்ள கரும்பூச்சு) அதன் ஒலியை முழுமடங்குகளாக ஒழுங்குபடுத்துகிறது என்று சி. வி. ராமன் 1920இல் எழுதினார். கருவியில் வரவேற்கும் ஒன்று ஹெட்போனில் வேண்டாததாகிறது. திரிபு என்ற சொல்லில் பழி ஏறியிருக்கிறது. மிகையில் அந்தப் பழி குறைவு.

மடல் 6: கையேடு எழுதும் ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு வரை வந்த ஒன்பது மறுமொழிகளில் ஐந்து சீரிசைத் திரிபுக்கும், இரண்டு பிசிறுக்கும், ஒன்று மிகைக்கும் ஆதரவாக உள்ளன. டிஸ்டார்ஷன் என்றே எழுதிவிடச் சொன்னவர் ஒருவர். ‘மொத்தச் சீரிசைத் திரிபு’ என்றே அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். தனிச்சீரிசை இயக்கம் (சிம்பிள் ஹார்மோனிக் மோஷன்) படித்துவிட்டு வரும் மாணவருக்குச் சொல்லின் முன்பாதி தெரிந்திருக்கும் என்பதே நான் அதன் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம். சொல் சொல்லாமல் விடுவதைப் படம் சொல்லட்டும் என்று, 60 ஹெர்ட்ஸ் நிறமாலைக்கு (அந்தக் கோடுகள் நிற்கும் படத்துக்கு) அருகிலேயே மாங்காயையும் மாம்பழத்தையும் எழுதிவிட்டேன். மறைப்பையும் உயர் மடங்குகளின் எடையையும் பற்றிய பத்தியும் சேர்ந்துவிட்டது. பிசிறு, கேட்டு எழுதும் பயிற்சியில் இடம்பெறுகிறது.

மடல் 7: தமிழாசிரியர்

அம்மா, கையேடு சிறக்கட்டும். ஆனால் என் மறுப்பைக் குறித்து வையுங்கள். அடுத்த பதிப்பில் 60, 1,000 என இரு சுரங்களைச் சேர்த்து அனுப்பும் சோதனையை எழுதுவீர்கள். அப்போது 940உம் 1,060உம் தோன்றும். அவை எதற்கும் மடங்கல்ல. சீரிசை என்ற அடை அங்கே உதவாது. அன்று திரிபு மட்டும் கையில் இருக்கும், தோன்றியது என்பதைச் சொல்ல ஒன்றும் இருக்காது. அந்தச் சோதனை எப்போது என்று முன்கூட்டியே தெரிவியுங்கள்.