புதுப்பிப்பு: புகை மணம் ஒத்துவராதவனுக்கு ஏற்ற விஸ்கி

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஐலா தீவின் லஃப்ராய்க் விஸ்கி மருத்துவமனை வாடையடித்ததால் பாதியிலேயே வைத்துவிட்டதாகவும், புகையே எனக்கு ஆகாது என்றும், எனக்கு ஏற்றது எதுவென்று தெரியவில்லை என்றும் சென்ற மாதம் இதே இழையில் எழுதியிருந்தேன். முழுப் பாட்டில் வாங்காமல் 30 மில்லியாக ருசித்துப் பார்க்கும்படி அண்ணன் ஒருவர் சொன்னதை, கிருஷ்ணகிரியிலிருந்து பேருந்தில் பெங்களூரு சென்ற இரண்டு சனிக்கிழமைகளிலும் அப்படியே கடைப்பிடித்தேன்.

பார்லியை உலர்த்த எரிக்கும் பீட் எனும் கரிமண்ணின் புகையிலுள்ள ஃபீனால் எனும் வேதிப்பொருள்களே அந்த வாடைக்குக் காரணம் என்பதால், புகையேற்றாத கிளென்ஃபிடிக் 12 எனும் ஸ்காட்ச் விஸ்கியில் தொடங்கினேன். பேரிக்காய் மணத்தோடு இதமாக இருந்தது. ஆனால் மனத்தில் நின்றது அம்ருத் ஃப்யூஷன்தான். இந்திய பார்லியும் பீட் புகையேற்றிய ஸ்காட்லாந்து பார்லியும் சேர்ந்த இதன் ஆல்கஹால் அளவு 50 சதவீதம்; ஒரு தேக்கரண்டி தண்ணீர் விட்டு, இரண்டு நிமிடம் பொறுத்து முகர்ந்தபோது, காரம் தணிந்து, ஆனி மாதத்தில் நம் ஊர் மாங்கூழ் ஆலைகளைக் கடக்கையில் வருமே, அந்த மணம் எழுந்தது. எனக்குப் புகையே ஆகாது என்று நான் எழுதியது தவறு, மிகுந்தால்தான் ஆகவில்லை.

விஸ்கியோடு ஜின்னும் ருசித்தேன். இமயமலையின் ஜூனிபர் காய் சேர்த்து வடிக்கும் ஹபூசா ஜின்னை முதலில் எதுவும் கலக்காமல் ஒரு மிடறு பருகியது நல்லதாயிற்று, ஏனெனில் ஜின்னில் வழக்கமாகக் கலக்கும் டானிக் எனும் கசப்புச் சோடாவின் சுவை அதன் மண்வாசத்தை மூடிவிடுகிறது. அடுத்த முறை சோடா மட்டும் சேர்த்துப் பார்ப்பேன்.