நியூ ஜெர்சிக்குச் சாமான் கட்டுகிறவர்களுக்கு

கேள்வி: காரைக்குடியிலிருந்து அடுத்த மாதம் நியூ ஜெர்சிக்குக் குடிபோகிறோம். ஒரு வருடச் சாமானைக் கட்டிக் கொடுக்க அம்மா தயாராக நிற்கிறார்கள். எதை எடுத்துப்போவது, அங்கே சின்ன அடுப்படியில் எப்படி வைப்பது? ஆச்சிமார் யாராவது சொல்லுங்கள்.

பதில்: அம்மாவைக் குறை சொல்ல முடியாது. கல்யாணமான பிள்ளையை வேறு வைக்கும்போது, அதாவது தனிக் குடித்தனம் வைக்கும்போது, பாத்திரம் பண்டத்தோடு சாமானும் கொடுத்து அனுப்பிப் பழகிய ஊர் நம்முடையது. ஆனால் வேறு வைத்த பிள்ளைக்குக் கிடைத்தது பெரிய முற்றம் வைத்த வளவு வீடு முழுவதும் அல்ல. ஓர் உள் அறை, ஓர் அடுப்பு. அந்த அளவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் குடித்தனத்தில் ஒரு வருடப் பருப்பு வண்டுக்குத்தான் விருந்து.

நம் கருப்பு அரிசியான கவுனி அரிசியைப் பெட்டியிலிருந்து இப்போதே வெளியே எடுங்கள். தானியத்தை அழிக்கும் கப்ரா வண்டுக்குப் பயந்து, இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் பயணப் பெட்டியில் அரிசி கொண்டுவர அமெரிக்கா 2011 முதல் தடை விதித்திருக்கிறது. கவுனி, பொன்னி என்ற பேதமெல்லாம் கிடையாது. உப்பிட்டுக் காயவைத்த இறைச்சியான உப்புக்கண்டமும் பச்சைக் கறிவேப்பிலையும்கூடக் கொண்டுபோக முடியாது. மற்ற உணவுப்பொருள் எது இருந்தாலும் சுங்கத்தில் சொல்லிவிடுங்கள். சொன்னால் அதிகபட்சம் பொருள் போகும். மறைத்தால் அபராதமும் சேரும்.

துவரம்பருப்பு, உளுந்து, இட்லி அரிசி எல்லாம் நியூ ஜெர்சியிலேயே, எடிசன் ஊரின் ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடைகளில் கிடைக்கும். அதற்கு எதற்கு விமானத்தில் எடை? கல்பாசி, மராத்தி மொக்கு, வெயிலில் காய்ந்த வெங்காய வடகம், ஊர் மிஷினில் அரைத்த குழம்புத்தூள்: பெட்டியில் இடம் இவற்றுக்குத்தான். மசாலாவை முழுசாகக் கொண்டுபோங்கள். பொடித்தால் வாசனை நிற்காது. குழம்புத்தூள் மட்டும் விதிவிலக்கு. அதைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள்.

முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் பார்த்த பழைய பீங்கான் ஜாடி மீது ஆசை இருந்தால், அது ஊரிலேயே இருக்கட்டும்.

இனி ஃப்ரீசர். அங்கே உங்கள் முதல் சாமான் அறை அதுதான். கடையில் வாங்கும் ரவை, கடலை மாவு, அரிசி எதுவானாலும் காற்றுப் புகாத பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாள் வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்தவுடன் பையைத் திறக்காதீர்கள். எல்லோரும் அவசரப்படுவது இங்கேதான். அறைச் சூட்டுக்கு வரும்வரை பையின் வெளிப்புறம் வியர்க்கும். அந்த ஈரம் வெளியிலேயே காயட்டும். சில்லென்றிருக்கும்போதே பிரித்தால் ஈரம் உள்ளே இறங்கும். ரவை கட்டி தட்டும், ஃப்ரீசரில் கல்பாசியும் வைத்திருந்தால் அது நமுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்படி நமுத்த கல்பாசியை எண்ணெயில் போட்டால் பொரியாது, வதங்கும்.

அலமாரியில் ஒரே ஒரு விதி பிடிவாதமாகச் சொல்வேன்: அடுப்புக்கு நேர் மேலே மசாலா வேண்டாம். கை எட்டுகிறது என்று வீட்டுக்கு வீடு அங்கேதான் வைக்கிறார்கள். ஆவியும் சூடும் போய்ச் சேருவதும் அங்கேதான். அங்கே தட்டு, கிண்ணம் வையுங்கள். தாளிக்கிற சாமான் அஞ்சறைப் பெட்டியில், அடுப்பிலிருந்து தள்ளி. பருப்பு வகைகளுக்கு வாய் அகன்ற கண்ணாடி ஜாடி. தொட்டுப் பார்க்காமலே மிச்சம் தெரியும். மூடியில் வாங்கிய மாதத்தை எழுதி ஒட்டுங்கள். பழையதன் மேல் புதியதைக் கொட்டாதீர்கள்; காலியானதும் கழுவி, ஈரம் போகக் காயவைத்துப் பிறகு நிரப்புங்கள். புளியும் ஊறுகாயும் உலோக டப்பாவில் வேண்டாம். பெருங்காயத்துக்கு இறுக்கமான தனி டப்பா; வாடகை வீட்டு அலமாரியில் அந்த வாசனை ஏறினால் இறங்காது.

இதைப் படிக்கும் சிங்கப்பூர், துபாய்க்காரர்களுக்கு: குருமாவுக்கென்று கசகசாவைப் பொட்டலம் கட்டிவிடாதீர்கள். அபின் செடியின் விதை என்பதால் அங்கே தடைசெய்யப்பட்ட பொருள். முந்திரியும் தேங்காயும் அரைத்து ஊற்றினாலே குழம்பு கெட்டிப்படும்.